நடக்காத வகுப்பில் பத்துக்குப் பத்து

எங்கள் மருத்துவமனையில் எல்லோரும் பத்துக்குப் பத்து. கை கழுவும் முறையா, பத்து. தீப்பிடித்தால் என்ன செய்வதா, பத்து. ஊசிக் குப்பையை எந்த நிற டப்பாவில் போடுவதா, அதற்கும் பத்து. பயிற்சிக் கோப்புகளை மட்டும் ஒருவர் எடுத்துப் படித்தால், நாட்டிலுள்ள மேதைகள் எல்லாம் மயிலாப்பூரில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அந்தக் கோப்புகளைத் தயார் செய்தவள் நான்தான்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. வார்டில் நர்ஸாக ஓடியாடிக்கொண்டிருந்தவள், முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு பயிற்சிப் பொறுப்பாளர் என்ற பெயரில் ஒரு மேஜைக்கு மாற்றப்பட்டேன். மாதம் நான்கு வகுப்பு எடுக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தேர்வு வைக்க வேண்டும். வருகைத் தாளில் கையெழுத்து வாங்கி, ஒரு புகைப்படமும் எடுத்து, எல்லாவற்றையும் கோப்பில் வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தக் கோப்பைத்தான் பார்ப்பார்கள்.

முதல் வருடம் ஒழுங்காகத்தான் எடுத்தேன். மந்தைவெளியில் என் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துவிட்டு வருவேன். கணவர் கிண்டல் செய்வார். ஆனால் வார்டில் ஆள் குறையக் குறைய, மூன்று மணி வகுப்புக்கு யாரும் வர முடியவில்லை. "ஆறு பேரை நீங்க கூட்டிட்டுப் போயிட்டா பெல் அடிச்சா யாரு போறது? நீங்க வர்றீங்களா?" என்று நர்ஸிங் கண்காணிப்பாளர் கேட்பார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. ஒரு மணி நேர வகுப்பு அரை மணியாயிற்று. அரை மணி பத்து நிமிடமாயிற்று. பிறகு நர்ஸுகள் நிற்கும் இடத்துக்கே போய் நின்றபடி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் அந்த நாலு வார்த்தையும் போய், தாள் மட்டும் போக ஆரம்பித்தது.

அது போகும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். வருகைத் தாள், அதன்கீழ் கேள்வித் தாள்கள், எல்லாவற்றுக்கும் மேலே விடை எழுதிய ஒரு தாள், மூன்றையும் ஒரு கிளிப்பில் மாட்டி மாடி மாடியாக அனுப்புவேன். பார்த்து டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். புகைப்படம்தான் பெரிய வேடிக்கை. ஓய்வாக இருக்கும் எட்டுப் பேரை ஒரு அறையில் உட்காரவைத்து ஒரு படம். இடம் மாற்றி உட்காரவைத்து இன்னொரு படம். ஒருத்தி ஸ்வெட்டரைக் கழற்றி இன்னொருத்திக்குக் கொடுப்பாள். மூன்றாவது படத்தில் நானே சிரித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மூன்று வகுப்பு முடிந்தது. எச்.ஆர். மேலாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர் பக்கா. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

அந்த வருடம்தான் அந்த சிஸ்டர் சேர்ந்தார். எங்களிடத்தில் நர்ஸுகளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வயது நாற்பத்தைந்து இருக்கும். ராயப்பேட்டையில் வீடு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில வருடங்கள் பன்னிரண்டு படுக்கை உள்ள ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்காக நின்றுவிட்டார். இப்போது கணவருக்குக் கண்பார்வை மங்கி அவர் வீட்டில் உட்கார்ந்துவிட, பன்னிரண்டு வருடம் கழித்து இவர் மறுபடி வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த வேலையை விட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு பிடிமானம் இல்லை.

அவருக்கு எல்லாமே புதிதாக இருந்தது. கம்ப்யூட்டர் புதிது. மருந்து ஏற்றும் பம்பு புதிது. நோயாளியின் கையில் கட்டும் எண் போட்ட பட்டையும் புதிது. அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் பன்னிரண்டு பேரையும் முகம் பார்த்தே தெரியும், பட்டை எதற்கு? சேர்ந்த முதல் வாரமே என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், கிளாஸ் எடுப்பீங்களாமே, எப்ப? பன்னெண்டு வருசத்துல எல்லாம் மாறிப்போய்க் கீது. பக்கத்துல இருக்கறவங்கள எத்தினி வாட்டி கேக்கறது? சின்னப் பொண்ணுங்க. சலிச்சுக்கிறாங்க."

சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரமும் வந்து கேட்டார். எத்தனையோ பேருக்கு நான் கையெழுத்துக்குத் தாளை நீட்டியிருக்கிறேன். என் வகுப்பு எப்போது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

தணிக்கைக்குப் பத்து நாள் இருந்தபோது, நோயாளியை அடையாளம் காண்பது பற்றிய வகுப்புக்கு மட்டும் தாள் இல்லை என்று தெரிந்தது. வழக்கம்போல் கிளிப்பில் மாட்டி அனுப்பினேன். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். இவர் மட்டும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"கிளாஸ் இன்னும் நடக்கலயே மேடம்?"

"அடுத்த வாரம் கண்டிப்பா எடுக்கறேன் சிஸ்டர். இப்ப கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. ஆடிட் வருது."

"எடுப்பீங்க இல்ல?"

"எடுப்பேன்."

என் மேஜையிலேயே குனிந்து கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் கிறுக்கியிருந்த இடத்தில் அவருடையது மட்டும் முழுப் பெயராக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் நிறுத்தி எழுதப்பட்டிருந்தது. விடைத்தாளைப் பார்த்து டிக்கும் அடித்தார். பத்துக்குப் பத்து.

தணிக்கை நன்றாக முடிந்தது. இனிப்பு கொடுத்தார்கள். அடுத்த வாரம் நான் வகுப்பு எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு நாலைந்து பேரிடம் சொன்னேன், அது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. கேட்கிறவர் ஒருவர், அவருக்காகத் தனியாக ஒரு வகுப்பா என்று நினைத்தேன். தாள்தான் கோப்பில் இருக்கிறதே என்றும் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கை உள்ள ஓர் அறையில் அது நடந்தது. இரண்டு முதியவர்கள். இருவருக்கும் ஒரே பெருமாளின் பெயர், தலைப்பெழுத்து மட்டும் வேறு. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். ஜன்னலோரம் இருந்தவருக்கு மறுநாள் வயிற்றில் அறுவை சிகிச்சை. சுவரோரம் இருந்தவருக்குச் சளிக் காய்ச்சல். காய்ச்சல்காரரின் மனைவி, எழுபத்தைந்து வயதுக்கு மேலான மாமி, காலையில் வார்டு ஆயாவிடம், "ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கறது. இவருக்கு ஆகாது. செத்த எடம் மாத்திப் போடேன்" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவரும் சரி என்றிருக்கிறார். ஆயா இரண்டு பேரையும் இடம் மாற்றிப் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் எங்கும் எழுதவில்லை.

மதியம், அறுவை சிகிச்சைக்குத் தேவைப்படும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்க, அறுவைக்காரரின் ரத்தம் எடுக்கச் சீட்டு வந்தது. அதில் பெயரோடு பழைய ஜன்னலோரப் படுக்கையின் எண்தான் இருந்தது. சிஸ்டர் போனபோது அவரை ஸ்கேனுக்குக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். ஜன்னலோரப் படுக்கையில் காய்ச்சல்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமி.

"மாமா பேரு இன்னாம்மா?" என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார்.

மாமி, "அவர் பேரை நான் சொல்லப்படாதும்மா. நீயே சொல்லு, நான் தலையாட்டறேன்" என்றிருக்கிறார்.

சிஸ்டர் சீட்டைப் பார்த்துப் பெயரைச் சொன்னார். தலைப்பெழுத்தைச் சொல்லவில்லை. மாமி தலையாட்டினார். அவர் கணவர் பெயரும் அதுதானே.

கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத பெண்களை நான் வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவே தபால்காரர் கேட்டால் என்னைக் கூப்பிடுவாள். இருந்தும் என் வகுப்புக்காக எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்த பாடத்தில், நோயாளி தூங்கினால் உடன் இருப்பவரிடம் பெயரைக் கேட்கவும் என்று ஒரே வரிதான் இருந்தது. சொல்ல மாட்டேன் என்கிறவரிடம் நாமே பெயரைச் சொல்லித் தலையாட்ட வைக்கக் கூடாது, கைப்பட்டையில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். போர்வையை விலக்கியிருந்தால் அந்தப் பட்டை அங்கேதான் இருந்தது.

ஒருவரின் பெயர் ஒட்டிய குழாயில் இன்னொருவரின் ரத்தம் கீழே போயிற்று. அறுவைக்காரர் எங்களிடம் முன்பே ஒருமுறை படுத்திருந்தவர். அதனால் அவருடைய ரத்த வகை பழைய பதிவில் இருந்தது. ரத்த வங்கியில் இருந்தவர் அதையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்து, வகை மாறுகிறதே என்று போன் செய்தார். அந்தப் பழைய பதிவு மட்டும் இல்லாமல் போயிருந்தால், மறுநாள் மேஜையில் படுத்திருக்கும் மனிதருக்குப் பொருந்தாத ரத்தம் ஏறியிருக்கும். அதற்குமேல் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் அன்றைக்குக் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் விசாரணை. மருத்துவக் கண்காணிப்பாளர், நர்ஸிங் கண்காணிப்பாளர், எச்.ஆர். மேலாளர், பயிற்சிக் கோப்போடு நான். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம், சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தப்பு செய்யவில்லை என்று அவர் வாதாடவே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். மாமி தலையாட்டியதையும் சொன்னார். எச்.ஆர். மேலாளர் என் கையிலிருந்து கோப்பை வாங்கி, அவருடைய தேர்வுத் தாளை எடுத்து நாலாவது கேள்வியைச் சத்தமாகப் படித்தார். நோயாளியை அடையாளம் காணும் சரியான முறை எது? பெயரும் கைப்பட்டை எண்ணும் என்ற பதிலுக்கு நேரே அழுத்தமான டிக்.

"தெரியாம செஞ்சிருந்தா வேற விஷயம். உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. தேர்வு எழுதிப் பத்து மார்க் வாங்கியிருக்கீங்க. தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க. இதை என்னன்னு சொல்றது?" என்றார்.

சிஸ்டர் அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவக் கண்காணிப்பாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். அவர்தான் கேட்டார். "இந்த வகுப்பு நடந்துதாம்மா?"

அவர் யாரைப் பார்த்துக் கேட்டார் என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் எங்கோ பார்த்துக் கேட்டார். சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். நான் மேஜையின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் என்னுடைய இந்த ஒரு தாள் மட்டுமா, இரண்டு வருடத்துத் தாள்கள் எல்லாம் வெளியே வரும். தணிக்கையில் வாங்கிய சான்றிதழ் வரைக்கும் போகும். தொண்டை அடைத்துக்கொண்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அடைக்கவில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நடந்துச்சு சார்" என்றார் சிஸ்டர். "நான்தான் கவனிக்கல."

அன்று மாலையே அவரிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். தானாக விலகினால், நர்ஸ் பதிவையே ரத்து செய்யக்கூடிய நர்ஸிங் கவுன்சிலுக்குப் புகார் போகாது என்று சொல்லி, அதையும் ஒரு சலுகைபோலச் செய்தார்கள். அவர் தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

என்னை அவர் காப்பாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பெருந்தன்மையான பெண், எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று நினைத்திருப்பார், நமக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று மனதுக்குள் அவரை உயர்த்தி உயர்த்தி வைத்தேன். அவர் உயர உயர, நான் செய்ததும் பெரிய மனசுக்காரி ஒருத்தியால் மன்னிக்கப்பட்ட காரியம்போல ஆகிவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் கணவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போறது?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு கடிதம் எழுதினேன். அந்த வகுப்பு நடக்கவில்லை, தாள்கள் நான் அனுப்பியவை, விடைகளும் நான் கொடுத்தவை என்று எழுதி எச்.ஆர். மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினார். "அந்தம்மா ரிசைன் பண்ணியாச்சு, விஷயம் முடிஞ்சுபோச்சு. இப்ப இதை எதுக்கு எழுத்துல கொண்டு வர்றீங்க? ஆடிட்ல குடுத்த பேப்பருக்கெல்லாம் யார் பதில் சொல்றது? போய் வேலையைப் பாருங்கம்மா."

அங்கிருந்து நேராக மருத்துவக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இந்த ஒண்ணுதானா?"

"இல்ல சார். பெரும்பாலும் எல்லாமே."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைலேர்ந்து வகுப்பு எடுங்க. ஆளை நான் அனுப்பறேன். வார்டுல ஆள் இல்லன்னா நான் போய் பெல்லுக்கு நிக்கறேன்" என்றார். பிறகு, "அந்த சிஸ்டரைத் திரும்ப வரச் சொல்லுங்க. நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க" என்றார்.

வகுப்புகள் ஆரம்பித்தன. முதல் வகுப்பில், நடந்ததை நான் செய்தது உட்பட ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஒரு பெண், தன் நோயாளிகளில் பாதிப் பேருக்குக் காது கேட்காது, என்ன கேட்டாலும் ஆமாம் என்பார்கள் என்றாள். இன்னொருத்தி, பட்டை இறுக்குகிறது என்று சொந்தக்காரர்களே வெட்டிவிடுகிறார்கள் என்றாள். தேர்வில் சிலருக்கு நாலு, சிலருக்கு ஐந்து. ஒருத்திக்கு மூன்று. அந்தத் தாள்களை அப்படியே கோப்பில் வைத்தேன்.

ராயப்பேட்டைக்குப் போக மட்டும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். மெட்ரோவுக்காகத் தோண்டி வைத்திருக்கிறார்கள், ஆட்டோ போகாது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தே போனேன். பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் முதல் மாடி. அவர் கணவர் கதவைத் திறந்து, முகத்தை என் குரல் வந்த திசைக்குத் திருப்பி, "வாங்கம்மா" என்றார். சிஸ்டர் உள்ளிருந்து வந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அடையாற்றில் ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். "அங்க ஒரே ஒரு பேஷண்ட்தான் மேடம். ஆள் மாத்தறதுக்கு வழியே இல்ல" என்றார். சிரிக்கவில்லை.

கடிதம் கொடுத்ததைச் சொன்னேன். வகுப்புகள் நடப்பதைச் சொன்னேன். திரும்ப வரச் சொல்கிறார்கள், வாருங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"ஊசியைக் கையில எடுத்தாலே உதறுது மேடம். அந்தப் பெரியவர் மூஞ்சி வந்துருது. இனிமே அந்த வேலை எனக்கு வராது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைக் காப்பாத்தறதுக்காக அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க. நான் அதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"உங்களக் காப்பாத்தவா? இன்னா மேடம் சொல்றீங்க? கிளாஸ் நடந்துச்சான்னு டாக்டர் கேட்டாரு. கிளாஸ் எடுக்கறவங்க நீங்க. நீங்க சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியப் பாத்துகினே நின்னேன். நீங்க ஒண்ணும் சொல்லல. சரி, இங்க இப்படித்தான் சொல்லணும் போலன்னு நினைச்சுகினேன். தாளுல கையெழுத்துப் போட்டாப்ல." பிறகு, மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு, என்மேல் எந்த வருத்தமும் இல்லாத குரலில் சொன்னார்: "அந்த ஆஸ்பத்திரில உங்ககிட்ட நான் கத்துகினது அது ஒண்ணுதான் மேடம்."